அடியில்லாத பெட்டி

சேலத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரை ஒரு பகல் முழுக்கப் பட்டினியில் வேலை வாங்க, பெற்றவர்களே முண்டியடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். நம்ப மாட்டீர்கள். ‘வரலாற்று அனுபவச் சுற்றுலா’ என்று ஒரு பெயரை வைத்து, அதற்கு ஐம்பது மதிப்பெண்ணும் உண்டு என்று சொல்லிவிட்டால், நம் ஊரில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வாங்கிவிடலாம்.

சுற்றுலாவுக்கு ஒரு வாரம் முன்னால், அந்த இடத்தை நடத்துகிற கம்பெனியிலிருந்து வைதேகி என்றொரு பொறியாளர் பள்ளிக்கே வந்து விளக்கம் கொடுத்தார். கையில் விரல் நீளத்துக்கு ஒரு பட்டை. தலைவலிக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி கணக்காகத்தான் இருந்தது.

“இதைப் பிடரியில ஒட்டிக்கணும். உன் பேரு என்னன்னு யாராவது கேட்டா மனசுல சட்டுனு ஒண்ணு வருதில்ல? அந்த இடத்துல வேற பேரு வந்து உட்காரும். கூடவே அந்த ஆளோட பயம், பசி, பணிவு எல்லாம் வரும். வெள்ளைக்காரன் காலத்துத் தாது வருஷப் பஞ்சத்தைப் பத்திப் புத்தகத்துல படிக்கிறது வேற, கல்லு உடைச்சுட்டுக் கஞ்சிக்கு நிக்கிறது வேற. சாயங்காலம் பட்டையை எடுத்துட்டா பழையபடி நீதான். நடந்தது பூரா ஞாபகம் இருக்கும். இல்லேன்னா அப்புறம் எப்படிக் கட்டுரை எழுதுவீங்க?”

பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஹரிகிருஷ்ணன் கையைத் தூக்கினான். வகுப்பிலேயே பயந்தாங்கொள்ளி அவன்தான்.

“அப்ப யாராச்சும் யாரையாச்சும் அடிச்சுட்டா மேடம்?”

“அடிக்கிற மாதிரி எதையும் கையில கொடுக்க மாட்டோம். அப்படியே ஏதாவது நடந்தாலும், பட்டை ஒட்டியிருக்கிற நேரத்துல செஞ்சது நீங்க செஞ்சதாகாது. படிவத்துல ஏழாவது பாரா பாருங்க. உங்க அப்பா அம்மா ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காங்க.” பிறகு நினைவு வந்தவராக, “நூத்துல ஒருத்தருக்கு இது பிடிக்காது. அவங்க மறைக்காம சொல்லிடணும். கண்காணிப்பு அறையில உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். மார்க்கு மட்டும் கிடையாது” என்றார்.

அன்றைக்கே எல்லாருக்கும் ஐந்து நிமிஷம் ஒட்டிப் பார்த்தார்கள். வைதேகி “கும்பிடுங்க” என்றதும் முப்பத்தொன்பது தலைகள் ஒன்றாகக் குனிந்தன. மஞ்சரி மட்டும் இப்படியும் அப்படியும் பார்த்தாள். அவளுக்கு எதுவுமே ஆகவில்லை. அவள் அதே மஞ்சரிதான். கால் விரலில் செருப்புக் கடித்த புண் கூட அதே புண்தான். ஐம்பது மதிப்பெண் போய்விடுமே. அவளும் குனிந்தாள்.

இதை அவள் ஜெசிந்தாவிடம் மட்டும் சொன்னாள். ஜெசியிடம் சொல்லாமல் அவளால் எதையும் வைத்திருக்க முடியாது. ஆறாம் வகுப்பிலிருந்து அப்படி. எங்கே உட்காருவது, யாரோடு பேசுவது, எந்த வண்ணத்தில் கைப்பை வாங்குவது, எல்லாம் ஜெசி சொல்வாள், மஞ்சரி கேட்பாள். மதிப்பெண்ணிலும் ஜெசி ஒன்று, மஞ்சரி இரண்டு. அதில் மஞ்சரிக்கு வருத்தம் உண்டா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இல்லையென்றுதான் சொல்லியிருப்பாள்.

“அடிப்பாவி, நல்லதாப் போச்சுடி!” என்று குதித்தாள் ஜெசி.

“என்னடி நல்லது? நான் மாட்டிக்கிட்டா அவ்வளவுதான்.”

“நான் சொல்றதக் கேளு. படிவத்துல என் சர்க்கரையப் பத்தி நான் எழுதல. எழுதினா அனுப்ப மாட்டாங்க. நீங்கல்லாம் போயிட்டு வந்து வருஷம் பூரா அதையே பேசுவீங்க, நான் உங்க வாயப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கணுமா? அம்மாகிட்ட, ஸ்கூல்ல சொல்லியாச்சுன்னு சொல்லிட்டேன்.”

ஜெசிக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. காலையில் ஊசி போட்டுக்கொண்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். வகுப்பில் ஆசிரியர் இல்லாத நேரம் ஒரு தடவை வேர்த்துக் கொட்டி வாய் குழறி மேசையில் சாய்ந்தபோது, சாக்லேட்டைப் பிரித்து அவள் வாயில் திணித்ததே மஞ்சரிதான்.

“பட்டையை ஒட்டினா எனக்கு நோவு இருக்கிறதே மறந்துபோயிடும். எனக்கு அது ஒண்ணுதான் பயம். நீதான் முழிச்சிருப்ப இல்ல? எனக்கு வேர்த்துச்சுன்னா யாருக்கும் தெரியாம ஒரு வெல்லக்கட்டிய வாயில போட்டுடு. நீ முழிச்சிருந்தாப் போதும்டி எனக்கு.”

மஞ்சரி சரி என்றாள். எப்போது அவள் மாட்டேன் என்றிருக்கிறாள்?

பேருந்து கிளம்புகிற காலையில் ஜெசியின் அம்மா பெர்னதெத் ஜன்னலோரம் வந்து மஞ்சரியின் கையைப் பிடித்துக்கொண்டார். “மஞ்சு, உன்ன நம்பித்தான் அனுப்புறேன். பார்த்துக்க கண்ணு.”

“நான் பார்த்துக்கிறேன் ஆன்ட்டி.”

ஊத்தங்கரையைத் தாண்டி ஒரு கரட்டுக் காடு. மரம் என்று பார்த்தால் நாலு வேலமரம். அங்கே வேலி போட்டுப் பஞ்சத்தை உண்டாக்கி வைத்திருந்தார்கள். கஞ்சித் தொட்டி, கல் உடைக்கிற களம், துரைக்குக் கூடாரம். சும்மா சொல்லக் கூடாது, வெயில் மட்டும் செலவில்லாமல் கிடைத்தது. வேலமரக் கிளைகளில் கோலிக்குண்டு அளவில் கேமராக்கள் தொங்கின. சமூக அறிவியல் ஆசிரியர் குணசேகரனும் வைதேகியும் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து திரையில் பார்ப்பார்கள்.

சீட்டுக் குலுக்கினார்கள். ஹரிகிருஷ்ணனுக்குத் துரை விழுந்தது. மஞ்சரிக்கு மேஸ்திரி. ஒரு தலைப்பாகையும் முழங்கால் வரைக்கும் தொங்குகிற பழைய கோட்டும் கொடுத்தார்கள். கோட்டுப் பையில் மூன்று வெல்லக்கட்டிகளைப் போட்டுக்கொண்டாள். அவள் கூட்டத்தில் ஆறு கூலிகள். அதில் ஒருத்தி ஜெசி. சீட்டில் அவள் பெயர் வீராயி, உடுப்பு ஒரு கந்தல் சேலை.

பட்டையை ஒட்டுவதற்கு முன் ஜெசி கண்ணடித்தாள். ஒட்டிய பின் அந்தக் கண் வேறு மாதிரி ஆயிற்று. தோள் குறுகியது. முந்தானையை இழுத்து அக்குளில் செருகிக்கொண்டு, மஞ்சரியைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

“கும்பிடறேன் மேஸ்திரி.”

மஞ்சரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரிப்புக்கு அடியில் வேறொன்றும் இருந்தது; இனிப்பாக இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

வேலை இதுதான். பெரிய கல்லைச் சுத்தியலால் ஜல்லியாக உடைக்க வேண்டும். அளப்பதற்கு ஒரு மரப்பெட்டி. பெட்டி என்றால் நாலு பக்கமும் பலகை, அடியும் கிடையாது மூடியும் கிடையாது. மேஸ்திரி காட்டுகிற இடத்தில் அதைத் தரையில் வைத்து, கூடை கூடையாக ஜல்லியைக் கொட்டி விளிம்பு வரை ரொப்ப வேண்டும். ரொம்பியதும் பெட்டியைத் தூக்கிவிட்டால் ஜல்லி குவியலாக நிற்கும். அதை வண்டியில் ஏற்றுவார்கள். ஒரு பெட்டி ரொப்பியவருக்கு ஒரு கலயம் கஞ்சி. ரொப்பாதவருக்குக் கிடையாது.

துரை நடந்து வந்தான். ஹரிகிருஷ்ணனுக்கு அப்படி ஒரு நடை உண்டென்று அவனைப் பெற்றவர்களுக்கே தெரிந்திருக்காது.

“வண்டி ரொம்ப எத்தனை பெட்டி ஆச்சுன்னுதான் நான் பார்ப்பேன்” என்றான். “ஏழு பெட்டியில ரொம்பினா ஒரு கஞ்சி கூடப் போகுது, நீ சோம்பேறி. ஆறுல ரொப்பிக் காட்டு. இல்லேன்னா தலைப்பாகையைக் கழட்டிட்டு நீயும் கல்லு உடை.”

முதலில் அது தற்செயலாகத்தான் நடந்தது. மஞ்சரி பெட்டியை வைத்த இடத்தில் லேசாக ஒரு பள்ளம். அவள் கவனிக்கவில்லை. பன்னிரண்டு கூடையில் ரொம்ப வேண்டியது பதினாலு கூடை பிடித்தது. கொட்டிய பையன் திகைத்துப்போய்ப் பெட்டியையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தான். வண்டிக்காரன், “இந்தக் கூட்டத்துப் பெட்டி நல்லா கனமா இருக்கு துரை” என்றான். துரை மஞ்சரியைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

அந்தத் தலையாட்டல் அவளுக்கு எவ்வளவு பிடித்தது தெரியுமா? மார்க்குக்காகத்தான் நடிக்கிறோம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அடுத்த தடவை பெட்டியை வைக்கும் முன் குதிகாலால் மண்ணைக் கொஞ்சம் நோண்டினாள். அதற்கடுத்த தடவை நன்றாகவே நோண்டினாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பிடரியில் இருந்த பட்டை அவளுக்கு வெறும் பிளாஸ்திரிதான்.

ஐந்து பேர் தட்டுத் தடுமாறி ரொப்பிவிட்டுக் கஞ்சிக்குப் போனார்கள். கடைசியாக ஜெசி. உச்சி வெயில். பன்னிரண்டு கூடை கொட்டிவிட்டாள். கஞ்சி வாங்க வேண்டியவள். பெட்டியில் விளிம்புக்குக் கீழே இன்னும் நாலு விரல் இடம் இருந்தது.

“மேஸ்திரி, கை நடுங்குதுங்க” என்றாள்.

மஞ்சரி பார்த்தாள். நெற்றியில் வேர்வை. வெயிலில் எல்லாருக்கும் வேர்க்கும். ஆனால் இது அந்த வேர்வை அல்ல. மேசையில் சாய்ந்த அன்றைக்கு வந்த அதே வேர்வை. கை தானாகக் கோட்டுப் பைக்குள் போனது. வெல்லக்கட்டி விரலில் பட்டது.

தலைக்கு மேலே கேமரா. மேஸ்திரி கூலிக்கு வெல்லம் ஊட்டுவானா? பார்த்த உடனே வைதேகிக்குத் தெரிந்துவிடும். இத்தனை நேரம் செய்ததெல்லாம் முழித்துக்கொண்டே செய்தது என்றும் தெரிந்துவிடும். அந்தக் குழி? அது யார் கணக்கில் வரும்?

இன்னும் இரண்டே கூடைதானே. ரொப்பிவிட்டால் அவளே போய்க் கஞ்சி குடிக்கப் போகிறாள். இப்படி நினைத்தாள். இதை மட்டும் நினைத்திருந்தால் கூட மன்னித்துவிடலாம். எப்பவும் நீ சொல்லி நான் கேட்டேன், இன்றைக்கு ஒரு நாள் நான் சொல்லி நீ கேளேன் என்றும் நினைத்தாள்.

“இன்னும் ரெண்டு கூடை” என்றாள் மஞ்சரி. “ரொப்பிட்டுப் போ.”

ஜெசி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெட்டியின் அடிப்பக்கம் பார்த்தாள். “சரிங்க மேஸ்திரி” என்று கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

பதின்மூன்றாவது கூடையைக் கொட்டினாள். பதினாலாவது கூடையோடு வரும்போது கால் பின்னியது. ஜல்லி சிதற அப்படியே சாய்ந்தாள்.

ஓடிப்போய் வாயில் வெல்லத்தைத் திணித்திருக்கலாம். “அவளுக்குச் சர்க்கரை!” என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். இரண்டுமே முழித்திருக்கிறவர்கள் செய்கிற காரியம். மஞ்சரி நின்ற இடத்தில் நின்றாள். “ஏய், எழுந்திரு! நடிக்காதே!” என்று மேஸ்திரியாகவே அதட்டினாள். அறையிலிருந்து இதோ வந்துவிடுவார்கள், இதோ வந்துவிடுவார்கள் என்று வேலமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறையில் என்ன நடந்தது என்றால், வீராயியின் பட்டை அனுப்பிய நடுக்கத்தையும் வேர்வையையும் எந்திரம் பசி என்று எடுத்துக்கொண்டு, ‘ஈடுபாடு தொண்ணூற்றேழு’ என்று காட்டியது. பசியில் விழுவது அவள் பாத்திரத்திலேயே இருந்தது. “என்னமா ஒன்றிப்போயிட்டா பாருங்க சார்!” என்று வைதேகி வியந்தார். குணசேகரன் சார் அதைக் கைப்பேசியில் பிடித்துப் பெற்றோர் குழுவுக்கு அனுப்பினார். அவர்கள் எழுந்து வெளியே வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் ஜெசியின் கையும் காலும் வெட்டி இழுத்து ஓய்ந்திருந்தன.

உடுப்பைத் திருப்பி வாங்கிய பெண், கோட்டுப் பையைத் தடவிவிட்டு, “என்ன கண்ணு இது, எறும்பு மொய்க்குது” என்றார்.

விசாரணை நடந்தது. நடந்தது என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். ஏழாவது பாராவை எடுத்து வைத்தார்கள். நோயை மறைத்தது பிள்ளையின் குற்றம் என்றார்கள். குணசேகரன் சார், “பாவம், இதுங்க என்ன பண்ணும்? யாருக்கும் சுயநினைவே இல்லையே” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். வைதேகி மட்டும் மஞ்சரியைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பெட்டிக்கு அடியில குழி தோண்டினியே, அது எங்க குறிப்புலயே இல்லம்மா. மேஸ்திரி பாத்திரத்துக்கு நாங்க எழுதிக் கொடுத்தது அதட்டுறதும் அளக்குறதும் மட்டும்தான். அது எங்கருந்து வந்துச்சு உனக்கு?”

“தெரியல மேடம். தானா வந்துச்சு.”

வைதேகி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகம் மலர்ந்தது. “அவ்வளவு ஆழமாப் போயிருக்க நீ! அந்தக் காலத்து மேஸ்திரி இருந்திருந்தா இப்படித்தான் யோசிச்சிருப்பான். அடுத்த பள்ளி வரும்போது இதையும் குறிப்புல சேர்த்துடுறோம்.”

மஞ்சரிக்கு ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது. அந்த வருஷம் வகுப்பில் முதலிடமும் அவளுக்குத்தான். வேறு யாருக்குப் போகும்?

ஜெசி பிழைத்துக்கொண்டாள். ஆனால் முழுதாகத் திரும்பி வரவில்லை. மூளைக்குச் சர்க்கரை போகாமல் கிடந்த நேரத்தில் பட்டையும் பிடரியில்தான் இருந்தது. பட்டையை எடுத்த பிறகும் பெயர் வருகிற இடத்தில் வீராயியே உட்கார்ந்திருந்தாள். “ஜெசி, அம்மாடா” என்று பெர்னதெத் கதறினால், பெரிய வீட்டு அம்மாளைக் கண்டது மாதிரி எழுந்து சுவரோரம் ஒதுங்கினாள். சோற்றைத் தொட மாட்டேன் என்றாள். ஊசி ஏற்றினால் பிடுங்கி எறிந்தாள்.

மூன்றாம் நாள் மஞ்சரியை அம்மாவும் அப்பாவும் இழுக்காத குறையாக மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். அவளைக் கண்டதும் ஜெசி முந்தானை இல்லாத தோளில் முந்தானையைத் தேடி, அக்குளில் செருகிக்கொள்வது போல் செய்தாள்.

“கும்பிடறேன் மேஸ்திரி. குடிக்கலாங்களா?”

மஞ்சரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “சாப்பிடுடி... ஜெசி, சாப்பிடு” என்றாள். ஜெசி மிரண்டுபோய்க் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அழுகிற மேஸ்திரியை அவள் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தடிப்பாக்கி, “வீராயி, குடி” என்ற பிறகுதான் கிண்ணத்தில் வாய் வைத்தாள்.

பெர்னதெத் மஞ்சரியைக் கட்டிக்கொண்டு உச்சி முகர்ந்தார். “ஊரே சேர்ந்து கூப்பிட்டும் கேக்காதவ நீ ஒருத்தி சொல்லிக் கேக்குறாளே! அவளுக்கு உன் மேல அவ்வளவு பாசம் கண்ணு. தினம் வந்துடு, உன் கால்ல விழுறேன்.”

அன்றிலிருந்து தினம் வந்தாள். காலை ஒரு தரம், பள்ளி விட்டதும் ஒரு தரம். வந்து அதட்டுவாள், ஜெசி குடிப்பாள். போகப் போக அதட்டலுக்கும் அரைக் கிண்ணத்துக்கு மேல் இறங்கவில்லை. வேலை செய்யாமல் கஞ்சி வாங்குவது அவளுக்குத் திருட்டாகப் பட்டதோ என்னவோ. மருத்துவர் ஒரு யோசனை சொன்னார். வேலை கொடுத்துப் பாருங்கள், செய்த திருப்தியில் சாப்பிடலாம் என்றார். கம்பெனிக்குத் தகவல் போனது. பெரிய மனசு பண்ணிப் பெட்டியையும் கூடையையும் அனுப்பி வைத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாலையில் மஞ்சரி வந்தபோது, அறையின் வழவழப்பான தரையில் அந்த நாலு பலகைப் பெட்டி இருந்தது. ஜல்லிக்குப் பதிலாகக் குழந்தைகள் அடுக்கி விளையாடுகிற மரக்கட்டைகளை மூலையில் கொட்டி வைத்திருந்தார்கள். ஜெசியின் முகத்தில் இத்தனை நாள் இல்லாத தெளிவு. அவள் பாட்டுக்குக் கூடை கூடையாகக் கொண்டு வந்து கொட்டினாள். பெர்னதெத் கதவோரம் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்று, பிள்ளை ஓடியாடுவதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

பன்னிரண்டாவது கூடையில் பெட்டி விளிம்பு வரை ரொம்பிவிட்டது.

“ரொம்பிடுச்சு வீராயி” என்றாள் மஞ்சரி. “போய்க் கஞ்சி வாங்கிக் குடி.”

ஜெசி போகவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். பலகையை ஒரு கையால் லேசாகத் தூக்கி, இன்னொரு கையை அடியில் விட்டுத் தரையைத் தடவினாள். நிமிர்ந்து மஞ்சரியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வேலையில் ஒரு குறையை மேஸ்திரிக்குப் பணிவாக எடுத்துச் சொல்கிறவளின் முகம்.

“குழி பறிக்க மறந்துட்டீங்களே மேஸ்திரி” என்றாள்.

பெர்னதெத் கிண்ணத்தோடு உள்ளே வந்தார். “குழியா? என்ன குழி மஞ்சு? எதச் சொல்றா இவ?”

மஞ்சரி தரையைப் பார்த்தாள். பிறகு ஜெசியைப் பார்த்தாள். கடைசியாக அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து, “தெரியல ஆன்ட்டி” என்றாள்.

ஜெசி இன்னும் எழவில்லை, உத்தரவுக்குக் காத்திருந்தாள். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. மஞ்சரி குரலைத் தடிப்பாக்கிக்கொண்டாள்.

“இன்னும் ரெண்டு கூடை. ரொப்பிட்டுப் போ.”

“சரிங்க மேஸ்திரி” என்று நிம்மதியாக எழுந்து, ஜெசி கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.